5 சென்ட் வரிக்கு யார்கிட்ட பர்மிஷன் கேட்கணும்?

போன செமஸ்டர் எங்க வகுப்பில் நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதினோம். எழுத ஆரம்பிச்சப்போ ரெண்டே விஷயம்தான். அப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு சேர்த்து, முடிக்கும்போது 23 ஆயிடுச்சு. லேப் நேரத்திலிருந்து மெஸ் சாம்பார் வரை எல்லாம் உள்ளே. "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. கடைசியில் மாறியது ஒரே ஒரு ஃபேன். அந்த ஃபேன் எங்க பட்டியலில் 19-வது இடத்தில் இருந்தது. முதல் இரண்டு என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது.

"எதை முதலில் கேட்பது?" என்ற இந்தத் தலைவலி மாணவர்களுக்கு மட்டும் வருவதில்லை. அமெரிக்காவில் லட்சக்கணக்கான மக்களை ஆளும் கவுண்டி அரசுகளும் ஒவ்வொரு வருஷமும் இதே வேலையைச் செய்கின்றன. மாநில அரசிடம் என்னென்ன கேட்பது, எதைத் தள்ளிவைப்பது என்று உட்கார்ந்து பட்டியல் போடுகின்றன. பிறகு அந்தப் பட்டியலைத் தூக்கிக்கிட்டு மாநிலத் தலைநகருக்குப் போய் லாபி செய்கின்றன. ஒரு அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்திடம் லாபி செய்யுமா என்று கேட்கிறீங்களா? செய்யும். செய்தே ஆகணும். ஏன்னு ஒரு உதாரணத்தோட பார்ப்போம்.

நம்ம மாவட்டம் வேற, கவுண்டி வேற

உதாரணத்துக்கு வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியை எடுத்துக்கலாம். வாஷிங்டன் நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 11.5 லட்சம் பேர். ஐ.டி. வேலைக்குப் போய் அங்கேயே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் நிறைய. உங்க சீனியர் யாராவது அங்கே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

கவுண்டி என்றதும் நம்ம மாவட்டம் மாதிரி நினைச்சுக்காதீங்க. இங்கே மாவட்டத்துக்கு கலெக்டரை அரசு நியமிக்கிறது. அங்கே கவுண்டிக்கு மக்களே ஓட்டுப் போட்டு ஒரு சபையைத் தேர்ந்தெடுக்கிறாங்க. ஃபேர்ஃபாக்ஸில் அதற்கு மேற்பார்வையாளர் சபை என்று பெயர். 9 தொகுதிக்கு 9 பேர், மொத்த கவுண்டிக்கும் பொதுவாக ஒரு தலைவர், ஆக 10 பேர். பதவிக்காலம் 4 வருஷம். போலீஸ், தீயணைப்பு, நூலகம், பூங்கா எல்லாம் அவங்க பொறுப்பு. பள்ளிகளை நடத்துவது தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பள்ளி வாரியம். ஆனால் அந்த வாரியத்துக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. பணம் கவுண்டி சபைதான் கொடுக்கணும்.

ஓட்டு இருக்கு, பட்ஜெட் இருக்கு, சொந்த போலீஸே இருக்கு. இப்படிப்பட்ட சபை, "கடையில் பிளாஸ்டிக் பை வாங்கினால் 5 சென்ட் வரி" என்று ஒரு தீர்மானம் போட முடியுமா?

2020 வரை முடியாது. மாநிலச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கலை. அந்த வருஷம் மாநிலச் சட்டமன்றம் "கவுண்டிகளும் நகரங்களும் விரும்பினால் பை ஒன்றுக்கு 5 சென்ட் வரி போட்டுக்கலாம்" என்று சட்டம் இயற்றியது. வரும் பணத்தை எதுக்கெல்லாம் செலவு செய்யலாம், கடைக்காரர் எத்தனை சென்ட் வைத்துக்கொள்ளலாம் என்பது வரைக்கும் அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அதற்குப் பிறகுதான் ஃபேர்ஃபாக்ஸ் 2021 செப்டம்பரில் தீர்மானம் போட்டு, 2022 ஜனவரி 1 முதல் வசூலிக்க ஆரம்பித்தது.

ஃபயர்வால் லாஜிக்

இதற்குப் பின்னால் இருப்பது டில்லன் விதி. ஜான் டில்லன் என்பவர் ஐயோவா மாநில நீதிபதி. 1868-இல் அவர் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: உள்ளாட்சி அமைப்புகள் மாநிலம் உருவாக்கியவை, மாநிலம் கொடுத்த அதிகாரம்தான் அவற்றின் அதிகாரம். வெளிப்படையாகக் கொடுத்தது, அதிலிருந்து தெளிவாகக் கிளைப்பது, அந்த அமைப்பு இயங்க இன்றியமையாதது, இவ்வளவுதான். சந்தேகம் வந்தால் "அதிகாரம் இல்லை" என்றே எடுத்துக்கணும். வர்ஜீனியா நீதிமன்றங்கள் 1896 முதல் இந்த விதியைப் பின்பற்றுகின்றன.

நெட்வொர்க்ஸ் பேப்பர் படிச்சவங்களுக்கு ஒரே வரியில் சொல்லிடலாம். ஃபயர்வாலில் டீஃபால்ட் டினை. ரூல் எழுதியிருந்தால் பாக்கெட் போகும், எழுதலைன்னா போகாது. வேறு சில மாநிலங்களில் "தன்னாட்சி" முறை உண்டு. அங்கே ஏறக்குறைய டீஃபால்ட் அலவ். மாநிலம் தடுக்காத வரை உள்ளாட்சி செய்துகொள்ளலாம். வர்ஜீனியா முதல் வகை. அதனால் கவுண்டிக்கு ஒவ்வொரு புது யோசனை வரும்போதும் முதல் கேள்வி "இது நல்லதா?" என்பது இல்லை. "இதுக்கு ரூல் இருக்கா?" என்பதுதான்.

இன்னொரு விசித்திரம் ரோடு. பெரும் பொருளாதார நெருக்கடி காலத்தில், 1932-இல், கவுண்டி ரோடுகளையெல்லாம் மாநிலமே எடுத்துக்கொள்ள ஒரு சட்டம் வந்தது. அப்போ ஒன்றுமில்லாத கவுண்டிகளுக்கு அது பெரிய உதவி. விளைவு, இன்றைக்கும் ஃபேர்ஃபாக்ஸில் உங்க வீட்டு வாசலில் இருக்கும் சின்னத் தெருவைக்கூட பெரும்பாலும் பராமரிப்பது மாநிலப் போக்குவரத்துத் துறை. தெருவில் பள்ளம் என்று கவுண்டி உறுப்பினரிடம் புகார் சொன்னால், அவரும் உங்களை மாதிரியே மாநிலத்துக்கிட்டதான் சொல்லணும்.

கேட்பதில் மூணு வகை

ஆக, கவுண்டியின் பட்டியலில் வருபவை பெரும்பாலும் மூன்று வகைதான்.

முதல் வகை, "அனுமதி கொடு". பிளாஸ்டிக் பை வரி மாதிரி. இதில் மாநிலத்துக்குச் செலவில்லை, சட்டத்தில் ஒரு வாக்கியம் மாறினால் போதும்.

இரண்டாவது, "பணம் கொடு". பள்ளி, மெட்ரோ ரயில், மனநல சேவை போன்றவற்றுக்கு மாநிலத்தின் பங்கு. இதற்குச் சட்டத்தைவிட மாநில பட்ஜெட்தான் முக்கியம்.

மூன்றாவது, "கையை வைக்காதே". மாநிலம் கவுண்டியின் இருக்கும் அதிகாரத்தைப் பறிக்கும் மசோதாவும் வரும். "நீ இந்த வேலையைச் செய்யணும்" என்று உத்தரவு மட்டும் போட்டுவிட்டு, அதற்குப் பணம் தராத மசோதாவும் வரும். இவற்றைத் தடுப்பதும் லாபி வேலைதான். பார்க்கப்போனால் உழைப்பில் பெரும்பகுதி இதற்குத்தான் போகும். ஏன்னா நம்ம கோரிக்கை எத்தனை என்பது நம்ம கையில் இருக்கு. எதிரே எத்தனை மசோதா வரும் என்பது நம்ம கையில் இல்லை.

பட்டியல் எப்போ தயாராகுது?

இங்கேதான் காலண்டரைப் பார்க்கணும். வர்ஜீனியா சட்டமன்றம் வருஷம் முழுக்க நடப்பதில்லை. ஜனவரியின் இரண்டாவது புதன்கிழமை கூடும். இரட்டைப்படை வருஷத்தில் 60 நாள். ஒற்றைப்படை வருஷத்தில் 30 நாள். வழக்கமாக அதை ஒன்றரை மாசம் வரை நீட்டிக்குவாங்க. கீழவையில் 100 பேர், செனட்டில் 40 பேர். பெரும்பாலானவங்களுக்கு வேறு தொழில் உண்டு. இந்தக் குறுகிய நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் ஓடும். பாதி வழியில் ஒரு கெடு வரும்: அதற்குள் ஒரு மசோதா தான் பிறந்த அவையில் நிறைவேறி அடுத்த அவைக்குப் போயிருக்கணும். போகலையா, கதை முடிஞ்சது.

செமஸ்டர் தேர்வு ஜனவரியில் என்றால் எப்போ படிக்கணும்? கோடையிலேயே ஆரம்பிக்கணும். ஃபேர்ஃபாக்ஸும் அப்படித்தான். கோடைக்காலத்தில் கவுண்டியின் ஒவ்வொரு துறையிடமும் "சட்டத்தில் என்ன மாற்றம் வேணும்?" என்று கேட்பாங்க. சபை உறுப்பினர்களும், கவுண்டியின் ஆலோசனைக் குழுக்களும் யோசனை கொடுப்பாங்க. இலையுதிர் காலத்தில் சபையின் சட்டமியற்றல் குழு கூடிக் கூடி இவற்றைச் சலிக்கும். வரைவு வெளியாகும், மக்கள் கருத்துச் சொல்லலாம். டிசம்பரில் முழு சபையும் ஓட்டுப் போட்டு "சட்டமியற்றல் திட்டம்" என்ற ஆவணத்தை ஏற்கும். அந்தப் பகுதியிலிருந்து மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானவங்களோடு உட்கார்ந்து அதைப் பேசுவாங்க. ஜனவரி தொடக்கத்தில் அந்தச் சட்டமன்ற உறுப்பினர்களும் தனியாக ஒரு பொதுக் கருத்துக் கூட்டம் நடத்துவாங்க.

கூட்டத்தொடர் தொடங்கியதும் கவுண்டியின் சிறு குழு ஒன்று சுமார் 160 கி.மீ. தள்ளி இருக்கும் ரிச்மண்டில் முகாம் போடும். சபையின் குழு வாராவாரம் கூடி, புதுசாக வந்த மசோதாக்களில் எதை ஆதரிப்பது, எதை எதிர்ப்பது, எதை "பார்த்துக்கிட்டு இருக்கலாம்" என்று முடிவெடுக்கும். நிறைவேறி, ஆளுநரும் ஒப்புக்கொண்ட சட்டங்கள் பொதுவாக ஜூலை 1-இல் நடைமுறைக்கு வரும். அதற்குள் அடுத்த கோடை வந்துடும். திரும்ப முதலிலிருந்து.

சலிக்கிற சல்லடை

துறைகளிடமிருந்து வரும் எல்லா யோசனையும் பட்டியலில் ஏறுவதில்லை. ஏறணும்னா சில கேள்விகளைத் தாண்டி வரணும்.

1. இதற்கு உண்மையிலேயே சட்டம் மாறணுமா? கவுண்டியின் வழக்கறிஞர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். சில சமயம் அதிகாரம் ஏற்கெனவே இருக்கும், யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டாங்க. சில சமயம் மாநிலத் துறை ஒன்றின் விதியை மாற்றினாலே போதும்.

2. யார் தூக்கிக்கிட்டுப் போவாங்க? கவுண்டியால் நேரடியாக மசோதா கொண்டுவர முடியாது. ஒரு சட்டமன்ற உறுப்பினர் தன் பெயரில் கொண்டுவரணும். ஒரு உறுப்பினர் கொண்டுவரக்கூடிய மசோதாக்களுக்கும் உச்சவரம்பு உண்டு. அதில் ஒன்றை நமக்காகச் செலவழிக்க அவருக்குக் காரணம் இருக்கணும்.

3. கூட யார் வருவாங்க? வர்ஜீனியாவில் 95 கவுண்டிகள். அவற்றுக்கு ஒரு சங்கமும் இருக்கு, அந்தச் சங்கத்துக்குத் தனிப் பட்டியலும் இருக்கு. தலைநகரை ஒட்டிய பணக்கார கவுண்டி தனியாகப் போய்க் கேட்டால் "உனக்கென்ன குறைச்சல்?" என்பாங்க. மலைப்பக்கத்துச் சின்ன கவுண்டியும் சேர்ந்து கேட்டால் கதை வேறு.

4. தோற்றால் என்ன நஷ்டம்? கேட்டு மறுக்கப்பட்டால் பழைய நிலைமையே தொடரும் என்று நாம் நினைப்போம். டில்லன் விதி உள்ள மாநிலத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. "இந்த அதிகாரம் கொடுங்க" என்று மசோதா கொண்டுபோய்த் தோற்றால், "அப்போ அந்த அதிகாரம் உங்களிடம் இல்லை என்று நீங்களே ஒப்புக்கிட்டீங்க" என்று நாளைக்கு யாராவது வாதாடலாம். அதனால் கேட்காமல் இருப்பதும் சில நேரம் யோசித்து எடுத்த முடிவுதான்.

இந்தக் கேள்விகளில் தேறியவைதான் கவுண்டியே முன்னெடுக்கும் கோரிக்கைகள் ஆகும். அவை எண்ணிக்கையில் குறைவு. மற்ற விஷயங்களுக்கு "எங்கள் நிலைப்பாடு இது" என்று சில வரிகள் எழுதி வைத்துக்குவாங்க. அது தொடர்பாக யாராவது மசோதா கொண்டுவந்தால், அப்போ அந்த வரிகள் உதவும். மனநலம், முதியோர், வறுமை போன்ற சமூக நல விஷயங்களுக்குத் தனி ஆவணமே உண்டு. இப்படி அடுக்கு அடுக்காகப் பிரிப்பதால்தான் 23 கோரிக்கையும் ஒரே வரிசையில் நிற்காமல் தப்பிக்குது. எங்களுக்கு இது தெரியாமப் போச்சு.

வருஷா வருஷம் முதலிடம்: பள்ளி

ஃபேர்ஃபாக்ஸ் பட்டியலின் உச்சியில் வழக்கமாக நிற்பது பள்ளி நிதி. காரணம் ஒரு ஃபார்முலா.

பள்ளிச் செலவில் எவ்வளவு உள்ளூர் தரணும், எவ்வளவு மாநிலம் தரும் என்பதை ஒரு குறியீடு தீர்மானிக்கிறது. அந்த ஊரின் சொத்து மதிப்புக்கு 50%, மக்களின் வருமானத்துக்கு 40%, கடை விற்பனைக்கு 10% என்று எடை போட்டு, "இந்த ஊருக்குத் தாங்கும் சக்தி இவ்வளவு" என்று கணக்கிடுவாங்க. மாநிலம் முழுதும் சராசரியாகப் பார்த்தால் உள்ளூர் பங்கு 45%, மாநிலம் 55%. ஃபேர்ஃபாக்ஸுக்கு இந்தக் குறியீடு 0.65 அளவில் இருக்கு. அதாவது ஃபார்முலா சொல்லும் ஒவ்வொரு 100 டாலரிலும் சுமார் 65 டாலர் கவுண்டியின் தலையில்.

பணக்கார ஊர் அதிகம் கொடுப்பது நியாயம்தானே என்று கேட்கலாம். கேட்கணும். ஆனால் பிரச்சினை பங்கில் மட்டும் இல்லை, அந்த 100 டாலர் என்ற மொத்தத் தொகையிலேயே இருக்கு. மாநிலச் சட்டமன்றத்தின் சொந்த ஆய்வுக் குழுவே 2023-இல் இதைக் கணக்கிட்டது. 2021 நிதியாண்டில் பள்ளிகளுக்குத் தேவை என்று ஃபார்முலா சொன்னது 1,070 கோடி டாலர். பள்ளிகள் உண்மையில் செலவழித்தது 1,730 கோடி டாலர். ஃபார்முலா ஒரு மாடல் என்றால், அதன் எரர் 660 கோடி டாலர். இன்டர்னலில் இப்படி ஒரு எரர் காட்டினால் நம்ம பேராசிரியர் விடுவாரா?

இன்னொரு கதையும் உண்டு. 2009 பொருளாதாரச் சரிவின்போது, பள்ளிகளின் துணைப் பணியாளர்களுக்கான மாநில நிதிக்கு ஓர் உச்சவரம்பு போட்டாங்க. சரிவு முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வரம்பு தொடர்ந்தது. பள்ளி வேண்டும் என்று யாரும் பணியாளர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. வித்தியாசத்தை கவுண்டிதான் போட்டது. கவுண்டியின் பொது நிதியில் ஏறக்குறைய பாதி பள்ளிக்கே போகிறது. அந்த நிதியில் பாதிக்கு மேல் வருவது வீடு, நிலத்தின் மீதான வரியிலிருந்து. மாநிலம் விட்ட இடைவெளியை நிரப்புவது கடைசியில் அங்கே வீடு வைத்திருப்பவர் கட்டும் சொத்து வரியும், அதைச் சேர்த்து வாங்கப்படும் வாடகையும்.

"அப்போ வேறு வரி போடலாமே?" அதற்கும் அனுமதி வேணும்! வர்ஜீனியாவில் நகரங்கள் உணவகச் சாப்பாட்டின் மீது வரி போட வாக்கெடுப்பு தேவையில்லை. கவுண்டிகளுக்கு 2020 வரை தேவைப்பட்டது. ஃபேர்ஃபாக்ஸ் 1992-இலும் 2016-இலும் வாக்கெடுப்பு நடத்தி இரண்டு முறையும் தோற்றது. "நகரத்துக்கு ஒரு நியாயம், கவுண்டிக்கு ஒரு நியாயமா?" என்று பல வருஷம் கேட்டபின், 2020-இல் சட்டம் மாறி, கவுண்டி சபையே 6% வரை போட்டுக்கலாம் என்றானது. 2025-இல் ஃபேர்ஃபாக்ஸ் சபை 4% வரிக்கு ஒப்புதல் கொடுத்தது; 2026 ஜனவரி 1 முதல் வசூல். வாக்கெடுப்பில் மக்கள் இரண்டு முறை வேண்டாம் என்ற வரியை சபை போட்டது சரியா என்ற கோபம் அங்கே பலருக்கு இருக்கு. அதிகாரம் கேட்டு வாங்கியபின், அதைப் பயன்படுத்தும் பழியும் சேர்ந்தே வரும்.

ஒரு எண், ஒரு உயிர்

பணம் இல்லாத கோரிக்கைக்கும் ஓர் உதாரணம். குடியிருப்புத் தெருவில் வேக வரம்பு மணிக்கு 25 மைல் (40 கி.மீ.). அதை 15 மைல் (24 கி.மீ.) வரை குறைக்கும் அதிகாரம் உள்ளாட்சிகளுக்கு 2021-இல் கிடைத்தது. ஆனால் நடைமுறையில், மாநிலத்துக்குச் சொந்தமான ரோடுகளுக்கு அது செல்லலை. ஃபேர்ஃபாக்ஸில் ரோடு யாருடையது? மேலே பார்த்தோமே, மாநிலத்துடையது. கையில் அதிகாரம் இருந்தும் பயன்படுத்த ரோடு இல்லை! 2024-இல் இன்னொரு சட்டம் வந்து மாநில ரோடுகளையும் சேர்த்த பிறகுதான் வழி திறந்தது.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25-லிருந்து 15-க்கு இறங்கினால் ஆற்றல் 36% ஆகிவிடும். பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளை மேல் வண்டி மோதினால், உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் அந்த வித்தியாசத்தில் இருக்கு. சட்டத்தில் விடுபட்ட ஒரு வரிக்கு மூணு வருஷம் காத்திருப்பது என்றால் இதுதான் அர்த்தம்.

மக்கள் பணத்தில் லாபியா?

நியாயமான கேள்வி. லாபி என்றாலே நமக்குப் பெட்டி கைமாறுவதுதான் ஞாபகம் வரும். கவுண்டியின் லாபி அப்படி இல்லை. சம்பளம் வாங்கும் ஊழியர்கள், சபை ஓட்டுப் போட்டு ஏற்ற, எல்லாரும் படிக்கக்கூடிய ஆவணத்தை வைத்துக்கொண்டு பேசுவாங்க. ஆனாலும் எதிர்ப்பு உண்டு. டெக்சாஸில் உள்ளாட்சிகள் வரிப்பணத்தில் லாபி செய்வதைக் கட்டுப்படுத்தும் மசோதா 2019-இல் செனட்டில் நிறைவேறி, கீழவையில் தோற்றது. "சொத்து வரியைக் குறைக்கணும் என்று நான் நினைக்கிறேன். அதைக் குறைக்காதே என்று சொல்ல என் வரிப்பணத்தையே கவுண்டி செலவழிக்குதே" என்பது அவங்க வாதம். அதற்குப் பதில்: கம்பெனிகள், ரியல் எஸ்டேட், உணவகச் சங்கங்கள் எல்லாரும் ரிச்மண்டில் ஆள் வைத்திருக்காங்க. கவுண்டி மட்டும் வீட்டிலேயே இருந்தால், அந்த அறையில் பஸ் பயணிக்காகவும் அரசுப் பள்ளி மாணவனுக்காகவும் பேசுவது யார்? எனக்கு இரண்டாவது வாதம் சரி என்று படுது. ஆனால் முதல் வாதத்துக்கும் மரியாதை கொடுக்கணும்னா, பட்டியல் மக்கள் கண் முன்னால் தயாராகணும்.

அங்கேதான் சிக்கல். மக்கள் எப்போ கவனிக்கிறாங்க? ஜனவரி, பிப்ரவரியில், மசோதா செய்தியாகும்போது. ஆனால் எது கேட்கப்படும், எது கேட்கப்படாது என்பது செப்டம்பரிலும் அக்டோபரிலுமே முடிவாகி விடுது. அந்தக் கூட்டங்களுக்கு யார் வேணும்னாலும் போகலாம். சட்டம் நிறைவேறும் நாளில் ஆயிரம் பேர் கத்துவதைவிட, வரைவு விவாதத்துக்கு வரும் நாளில் நாலு பேர் போய் விவரத்தோடு பேசுவது அதிகம் வேலை செய்யலாம்.

எங்க கடிதத்தை இந்த முறை திரும்ப எழுதப் போறோம். மூணே மூணு கோரிக்கை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் கையில் அந்த முடிவு இருக்கு, எவ்வளவு செலவாகும், எந்த ஆசிரியர் நமக்காகப் பேசுவார் என்று ஒரு வரி. அடுத்த செமஸ்டர் டைம்டேபிள் போடுவதற்கு முன்னாடியே கொடுக்கணும், போட்டபிறகு இல்லை. மெஸ் சாம்பாரை "நிலைப்பாடு" பகுதியில் வைத்திருக்கோம். யாராவது மசோதா கொண்டுவந்தால் ஆதரிப்போம்.